அயர்லாந்துத் துடுப்பு

அன்னைக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. அரியலூர் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போய் ஒரு பார்சலை வாங்கிட்டு வரணும்.

அவ்வளவுதான். கையெழுத்துப் போடணும், தூக்கணும், திரும்பணும். இதுல யோசிக்க ஒண்ணும் கிடையாது. நான் யோசிச்சேன். அங்கதான் எல்லாம் கெட்டுது.

திருமானூருக்குக் கிழக்கே ரெண்டு மைல்ல எங்க ஊர். அங்கே கத்தோலிக்க ஆண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்துல நான் மூணாம் வகுப்பு வாத்தியார். வாத்தியார்னு நானே சொல்லிக்கிறேன். சர்க்கார் கணக்குல நான் ட்ரெயினிங் ஆகாத ஆள். போன தடவை வந்த இன்ஸ்பெக்டர், ஆடி மாசத்துக்குள்ள இந்தத் தம்பிக்கு ட்ரெயினிங் ஸ்கூல்ல இடம் கிடைக்கணும், இல்லேன்னா வூட்டுக்கு அனுப்பிடுங்கன்னு எழுதி வச்சிட்டுப் போயிட்டார்.

என் குரலைப் பத்தியும் சொல்லிடறேன். தாத்தா நாள் முழுக்கக் கதை சொல்ற வூட்டுல வளர்ந்தவன் நான். அங்கே எனக்குக் கேக்கற வேலைதான், பேசற வேலை கிடையாது. அதனால குரல் வளரவே இல்லை. நான் பாடம் நடத்தறது முதல் வரிசைக்குத்தான், ரெண்டாவது வரிசைக்கு வாத்தியார் எதையோ மெல்றது மாதிரிதான் தெரியும்னு தலைமை ஆசிரியர் எல்லார்கிட்டயும் சொல்லுவார். மறுத்துச் சொல்லியிருக்கேன். அவருக்குக் கேக்கலை.

எங்க பங்குச் சாமியார் அயர்லாந்துக்காரர். யாரோ ஒரு புலவர்கிட்ட தமிழ் படிச்சவர். அதனால பேசறதெல்லாம் அச்சடிச்ச மாதிரி இருக்கும். “வாத்தியாரே, உண்டாயிற்றா?” என்பார். நமக்கு, ஏதோ செய்யுள்ல மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கும்.

காலைச் செபம் முடிஞ்சா அவருக்குப் பிடிச்ச விஷயம் ஒண்ணே ஒண்ணு. சின்ன வயசுல அவர் படிச்ச பள்ளிக்கூடம். சின்ன டவுனாம். நாள் தவறாம மழையாம். நாப்பது பையன், ஒரு அடுப்பு. குளிருக்காக ஒவ்வொரு பையனும் வூட்டுலேருந்து, சதுப்புல வெட்டிக் காய வச்ச ஒரு மண்ணாங்கட்டி கொண்டு வருவானாம். அதை அடுப்புல போட்டு எரிப்பாங்களாம்.

மண்ணு எப்படி எரியும்னு எங்க பையன்களுக்குப் புரியலை. சாமியார் பொய் சொல்ல மாட்டார், அதனால எரியும்னு முடிவு பண்ணிட்டாங்க. நாலாம் வகுப்புப் பையன் ஒருத்தன் வயல் கட்டியை அம்மா அடுப்புல வச்சு ஊதிப் பார்த்து, நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டான்.

அந்தப் பள்ளிக்கூடத்துலேருந்துதான் பார்சல் வருது. அந்தோணியார் திருநாளுக்கு மூணு நாள் இருக்கறப்போ சாமியார் என்னைக் கூப்பிட்டார்.

“என் பழைய பள்ளியின் சிறுவர்கள் நம் சிறுவர்களுக்கு ஒரு பொருள் அனுப்பியிருக்கிறார்கள். நீ சென்று பெற்று வா. திருநாளன்று அது வேண்டும். எவரிடமும் சொல்லாதே.”

என்ன பொருள் சாமின்னு கேட்டேன். ஆச்சரியமா, அது அவருக்குக் கேட்டுது.

“பார்க்கும்போது நீயே அறிந்துகொள்வாய்” அப்படின்னு சிரிச்சார்.

இந்த ஒரு வார்த்தையை அவர் சொல்லாம இருந்திருக்கலாம்.

அதோட இன்னொண்ணும் சொன்னார். திருநாள் பூசை வைக்கத் திருச்சியிலேருந்து வேற ஒரு சாமியாரைக் கூட்டிட்டு வரப்போறாராம். அவரும் அதே டவுன், அதே பள்ளிக்கூடம். அதைவிட முக்கியம், திருச்சி ட்ரெயினிங் ஸ்கூலுக்கு அவர்தான் பெரியவர். “அவரிடம் உன்னைப் பற்றிப் பேசுவேன்”னு சொல்லிட்டுச் சாமியார் சாயந்திரமே கிளம்பிட்டார்.

ஆக, என் பொழைப்பு திருநாளன்னிக்கு வண்டியில வருது. நான் பண்ண வேண்டியது, அதுவரைக்கும் ஒண்ணையும் கெடுக்காம இருக்கறது.

மறுநாள் திருமானூர் வரைக்கும் நடந்து, கரியில ஓடற பஸ்ஸைப் பிடிச்சு அரியலூர் போனேன். பார்சல் ஆபீஸ்ல அது சுவத்துல சாஞ்சு நின்னுக்கிட்டிருந்தது. இடுப்பு உயரத்துக்குக் கித்தான் மூட்டை. கப்பல்லயும் ரயில்லயும் அடிபட்டு ஒரு பக்கம் கிழிஞ்சிருந்தது. கிழிசல் வழியா மூணு நாலு கம்பு தலையை நீட்டிக்கிட்டிருந்தது.

கையெழுத்துப் போட்டுத் தோள்ல வச்சேன். நாலு அடி போயிருப்பேன்.

“தம்பி, நில்லு.”

ஸ்டேஷன் போலீஸ்காரர். அந்தச் சமயத்துல எங்க பார்த்தாலும் ஸ்ட்ரைக்கு, ஊர்வலம். கம்பு எடுத்துட்டு யாரும் நடக்கக் கூடாதுன்னு உத்தரவு.

“எத்தனை தடி?”

ரயில்வே ரசீதுல பன்னிரண்டுன்னு போட்டிருந்தது. சொன்னேன். எதுக்குன்னு கேட்டார். திருநாளுக்குன்னேன்.

“திருநாளுக்குப் பன்னிரண்டு தடியா? எந்த ஊர்க்காரன் மண்டைய உடைக்கறதா உத்தேசம்?”

மூட்டையைப் பிரிக்கச் சொல்லிட்டார். பிரிச்சோம். வெளுப்பு மரத்துல வழுவழுன்னு பன்னிரண்டு. ஒரு முனை பிடி. மறு முனை அகலமா, தட்டையா, ஒரு பக்கமா வளைஞ்சு இருந்தது. அந்த அகலத்தைச் சுத்தித் தகரப் பட்டை அடிச்சிருந்தது. போலீஸ்காரர் பார்த்தார். பார்சல் கிளார்க் காதுல சொருகின பேனாவோட வந்து பார்த்தார். ஒரு போர்ட்டர் பார்த்தார். அப்புறம் மூணு பேருமா என்னைப் பார்த்தாங்க.

சாமானோட ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. இங்கிலீஷ். “படிங்க வாத்தியாரே”ன்னார் கிளார்க்.

எட்டாவது வரைக்கும் இங்கிலீஷ் படிச்சவன் நான். பார்த்தேன். ‘ஹர்லீஸ், பன்னிரண்டு’ன்னு இருந்தது. ஹர்லின்னா என்னன்னு எனக்குத் தெரியாது. தெரியலேன்னு சொல்லியிருக்கலாம். ஆனா வாத்தியார்னு கூப்பிட்டுட்டாங்களே.

ஹர்லின்னு ஒரு வார்த்தை எனக்குத் தெரியாது. பார்லின்னு ஒரு வார்த்தை தெரியும். அப்போ சீட்டை எழுதின அயர்லாந்துப் பையன் இங்கிலீஷ்ல ரெண்டு எழுத்தைத் தப்பா எழுதிட்டான்னு முடிவு பண்ணினேன். மூணாம் வகுப்பு வாத்தியார் இல்லையா, மனசுக்குள்ளயே திருத்திட்டேன்.

“பார்லிங்க.”

“என்னது?”

“பார்லி.”

“காய்ச்சலுக்குக் கஞ்சி வைக்கிற பார்லியா?” கிளார்க் முகம் மலர்ந்துடுச்சு. “அப்ப இது துடுப்பு சார். களி கிண்டற துடுப்பு.”

போலீஸ்காரர் ஒண்ணை எடுத்துக் காத்துல ரெண்டு சுத்து கிண்டிப் பார்த்தார். கைக்குத் தோதா இருந்திருக்கும் போல, இன்னும் ரெண்டு சுத்து கிண்டினார்.

“ஆமாய்யா, துடுப்புதான். அங்கயும் ரேஷனா?”

யுத்தம் முடிஞ்சும் எல்லா ஊருக்கும் களிதான் மிச்சம்னு கிளார்க் சொன்னார். நாலு பேருமா அயர்லாந்துக்காகக் கொஞ்ச நேரம் வருத்தப்பட்டோம். போலீஸ்காரர் நோட்டை எடுத்து ‘வெளிநாட்டுக் களித் துடுப்பு பன்னிரண்டு’ன்னு எழுதி, அதுக்கு அடியில என்கிட்ட கையெழுத்து வாங்கிக்கிட்டார்.

அதுக்கு அப்புறம் எனக்குச் சந்தேகமே வரலை. போலீஸ் நோட்டுல ஏறின விஷயத்தை நான் யார் சந்தேகப்பட? பார்த்ததும் அறிவாய்னு சாமியார் சொன்னாரு. அறிஞ்சிட்டேன்.

திரும்பி வர்ற பஸ்ல ஒரு அம்மா, எங்க வூட்டுத் துடுப்பு உடைஞ்சு கெடக்கு, ஒண்ணு குடுத்துட்டுப் போ தம்பின்னு உருவிக்கிட்டாங்க. தர முடியாதுங்கன்னு மூணு தடவை சொன்னேன். நல்லா இரு தம்பின்னு வாழ்த்தினாங்க. கடைசியில கண்டக்டர் சத்தம் போட்டுத்தான் அது திரும்ப வந்தது.

ஊருக்குள்ள வந்ததும் நேரா பள்ளிக்கூடத்து அலமாரியில வச்சுப் பூட்டணும்னுதான் நினைச்சேன். கோயில் வாசல்லயே சூசை மாமா பிடிச்சிட்டார்.

சூசை மாமாதான் திருநாள் சமையலுக்குத் தலைமை. அவர் குரலும் கோயில் மணியும் ஒண்ணா அடிச்சா மணிதான் தோத்துப் போகும். அந்த வருஷம் ரேஷன்ல அரிசி கிடைக்காததால ஊருக்கே கம்பங்களின்னு முடிவாகியிருந்தது. முந்நூறு பேருக்கு, ஆறு அண்டாவுல. ஆனா கோயில் துடுப்பையெல்லாம் கரையான் தின்னுட்டுப் போயிருந்தது. தச்சரைத் தேடி அலைஞ்சுக்கிட்டிருந்த மனுஷனுக்கு எதிர்ல நான் பன்னிரண்டு துடுப்போட நடந்து வரேன்.

“வாத்தியாரே, யாரு குடுத்தா இதை?”

அயர்லாந்துலேருந்து வந்திருக்கு, சாமியார் திருநாளுக்கு வேணும்னார், யார்கிட்டயும் சொல்லாதேன்னார்னு சொன்னேன்.

“நீ எங்க சொன்னே? நானாத்தானே பார்த்தேன்.”

ஒண்ணை வாங்கிக் கையில எடை பார்த்தார். வளைச்சுப் பார்த்தார். அந்த வளைஞ்ச முனையைத் தடவிக்கிட்டே நின்னுட்டார்.

“வெள்ளைக்காரன் மூளையப் பாரு. அண்டாவோட அடி மூலைக்குப் போகணும்னு வளைவு வச்சிருக்கான். சூட்டுல பிளந்துடக் கூடாதுன்னு பட்டை போட்டிருக்கான். நாமளும் நூறு வருஷமா கிண்டறோம், நமக்குத் தோணிச்சா?”

அப்புறம் பிடியைத் திருப்பினார். ஒவ்வொண்ணுலயும் கத்தியால பேர் வெட்டியிருந்தது. நான் படிச்சேன். ஒரு மைக்கேல், ரெண்டு ஜான், ஒரு டாம். பன்னிரண்டு பேர்.

“பாத்திரத்துல பேர் வெட்டற மாதிரியே வெட்டியிருக்காங்க பாரு. இரவல் போனா மாறிடக் கூடாதுல்ல. எல்லா ஊர்லயும் ஜனங்க ஒண்ணுதான்யா.”

அந்த நிமிஷம்தான் எனக்குள்ள ஏதோ லேசா இடிச்சது. இது பள்ளிக்கூடத்துப் பையன்க அனுப்பினது. பத்து வயசுப் பையன்கிட்ட சொந்தமா துடுப்பு எதுக்கு? கேட்டுட்டேன்.

“மண்ணையே எரிக்கிற ஊருப்பா அது. பையன் களி கிண்ட மாட்டானா?”

அது எனக்கு நியாயமாப் பட்டுது. மூட்டையை இறக்கிக் குடுத்துட்டேன்.

புது மரத் துடுப்பை அப்படியே அண்டாவுல விடக் கூடாது, பழக்கணும். இது எங்க பக்கத்து வழக்கம். சூசை மாமா பன்னிரண்டையும் கழுநீர்த் தொட்டியில ஊறப் போட்டார். எடுத்து வெயில்ல காய வச்சு, மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டுத் தேய்ச்சார். மாட்டி வைக்கக் கயிறு கோக்கணும்னு ஒவ்வொரு பிடியிலயும் ஒரு ஓட்டை போட்டார். ரெண்டு நாள்ல வெளுப்பு மரம் பன்னிரண்டும் கல்யாணப் பொண்ணு மாதிரி மஞ்சப் பூத்து நின்னுது.

எனக்கே பெருமையா இருந்தது. சாமியார் வந்து பார்த்தா என்ன சொல்லுவார்னு நினைச்சு நினைச்சுச் சந்தோஷப்பட்டேன்.

திருநாளன்னிக்கு வண்டி லேட்டு. ரெண்டு சாமியாரும் இறங்கினதும் நேரா கோயிலுக்குள்ள போயிட்டாங்க. நான் பையன்களை வரிசையில உட்கார வச்சிட்டுப் பூசை பார்த்தேன். கோயிலுக்குப் பின்னாடி கொட்டகையிலேருந்து களி வாசம் வந்துக்கிட்டே இருந்தது.

பூசை முடிஞ்சது. சாமியார் பையன்களையெல்லாம் பள்ளிக்கூடத்துப் பின்பக்கத் திடலுக்குக் கூட்டிட்டுப் போனார். அங்கே ரெண்டு கடைசியிலயும் ரெண்டு ரெண்டு மூங்கில் நட்டிருந்தது. பந்தலுக்குன்னு நினைச்சிருந்தேன். திருச்சிச் சாமியார் நெட்டையா, வெள்ளைத் தாடியோட பக்கத்துல நின்னார்.

எங்க சாமியார் அங்கி ஜேபியில கையை விட்டு ஒரு தோல் பந்தை எடுத்தார். பெரிய எலுமிச்சம்பழம் அளவு.

நான் கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

அவர் பேச ஆரம்பிச்சார். எங்கள் ஊரில் ஒரு விளையாட்டு உண்டு, நடக்கத் தொடங்கும்போதே கையில் ஹர்லி என்னும் மட்டை தருவார்கள். என் பழைய பள்ளியில் பன்னிரண்டு சிறுவர்கள், தாங்கள் ஆடிக்கொண்டிருந்த சொந்த மட்டைகளையே, பெயர் பொறித்து உங்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள். புது மட்டை கிடைக்கும்வரை அவர்கள் ஆடமுடியாமல் நிற்கிறார்கள். அப்படின்னார். பையன்கள் வாயைப் பிளந்துக்கிட்டுக் கேட்டாங்க.

“வாத்தியாரே, மட்டைகளைக் கொண்டு வா.”

நான் சொன்னேன். அவருக்குக் கேக்கலை.

இன்னொரு தடவை சொன்னேன். காதுக்குப் பின்னாடி கையை வச்சார்.

பொறந்ததுலேருந்து வராத குரல் மூணாவது தடவை வந்தது. திடல் முழுக்கக் கேட்டுது.

“களி கிண்டுது சாமி!”

கொட்டகைக்குப் போனோம். ஆறு அண்டா. அண்டாவுக்கு ரெண்டு ஆளா பன்னிரண்டு பேர் வேர்த்து வடிய நின்னு கிண்டிக்கிட்டிருந்தாங்க. சூசை மாமா ஓடி வந்து தோள் துண்டை இடுப்புல கட்டிக்கிட்டுக் கும்பிட்டார். “சாமி, உங்க ஊர்த் துடுப்பு மாதிரி வராது சாமி. ஒரு கட்டி தட்டலை, பாருங்க.”

எங்க சாமியார் பார்த்தார். காது ரெண்டும் சிவந்து போச்சு. “பன்னிரண்டு சிறுவர்கள்...”னு ஆரம்பிச்சார். முடிக்கலை.

திட்டியிருந்தா தாங்கிக்கிட்டிருப்பேன். அந்த மனுஷன் கண்ணு கலங்கினதைப் பார்க்க முடியலை. ட்ரெயினிங் ஸ்கூல் அப்பவே புகையோட போயிடுச்சுன்னு தெரிஞ்சுது. அதைவிட, பார்த்திராத ஒரு ஊர்ல கையில மட்டை இல்லாம நிக்கிற அந்த மைக்கேலும் ரெண்டு ஜானும் என்னையே பார்க்கற மாதிரி இருந்தது.

திருச்சிச் சாமியார் என் பக்கம் திரும்பினார். அவர் தமிழ் வேற ரகம், மார்க்கெட்ல கத்துக்கிட்டது. “ஏன்ப்பா, இது என்னான்னு நெனச்சே?”

சீட்டுல பார்லியை ஹர்லின்னு தப்பா எழுதியிருந்தது, திருத்திப் படிச்சேன்னு சொன்னேன்.  அவர் அப்படியே விறகுக் குவியல் மேல உட்கார்ந்துட்டார். தோள் குலுங்குச்சு. அழறார்னு நினைச்சு சூசை மாமா தண்ணி எடுக்க ஓடினார். சிரிப்பு.

சிரிச்சு முடிச்சு எழுந்து ஒரு அண்டாவுலேருந்து மட்டையை உருவினார். “பசங்க காத்துக்கிட்டு நிக்கறாங்கய்யா. துடைச்சுக் குடுங்க, ஆடட்டும்.”

வைக்கோலால துடைச்சோம். கம்பங்களி உங்களுக்குத் தெரியும். பாதி போச்சு. பாதி, நான் இங்கதான் இருப்பேன்னு ஒட்டிக்கிச்சு.

பந்தைப் போட்டாங்க. அஞ்சாம் வகுப்பு இன்னாசி, ஆள் குள்ளம், அவன் பக்கம் உருண்டு வந்தது. மட்டையை வச்சான். பந்து தாவி ஏறி உட்கார்ந்துக்கிச்சு. விழும்னு பார்த்தான். விழலை. சரி, விழறதுக்குள்ள போயிடலாம்னு ஓட ஆரம்பிச்சான். மட்டையை முன்னாடி நீட்டிக்கிட்டு, பந்து அது மேல, மொத்தப் பள்ளிக்கூடமும் பின்னாடி. மூங்கிலைத் தாண்டினான். நிக்கலை. புளியமரத்தைத் தாண்டினான். பந்து அப்படியே இருந்தது.

திருச்சிச் சாமியார் தலையில கையை வச்சுக்கிட்டார். அந்த விளையாட்டுல மட்டை மேல பந்தை நிறுத்தி ஓடறதுதான் பெரிய வித்தையாம். அதுக்கு அவருக்கு மூணு வருஷமும் முன்பல்லு ரெண்டும் செலவாச்சாம். எங்க பையன் முதல் நாள், முதல் பந்துலயே பண்ணிட்டான். அடுத்தடுத்து எல்லாப் பையனும் பண்ணினான். பந்தைக் கீழே இறக்கறதுதான் கஷ்டமா இருந்தது. மட்டையைத் தரையில தட்டோ தட்டுன்னு தட்ட வேண்டியிருந்தது.

கொஞ்ச நேரத்துல எங்க சாமியாரே அங்கியைத் தூக்கிச் சொருகிக்கிட்டு இறங்கிட்டார். பந்தை ஏந்திக்கிட்டு அவர் ஓடின ஓட்டத்துல, பத்து வயசுல எப்படி இருந்திருப்பார்னு எங்களுக்கெல்லாம் தெரிஞ்சு போச்சு.

இதுல நஷ்டப்பட்டது சூசை மாமாதான். துடுப்பெல்லாம் விளையாடப் போயிட்டதால மிச்சக் களியைத் தென்னை மட்டையால கிண்டினார். கட்டி தட்டி, அடிப்பிடிச்சுப் போச்சு. ஊரே முகம் சுளிச்சுக்கிட்டுத் தின்னுச்சு. திருச்சிச் சாமியார் மட்டும் ரெண்டாம் தடவை கேட்டு வாங்கினார். களி ஏன் மஞ்சளா இருக்குன்னு கேட்டார். துடுப்பைப் பழக்கின கதையைச் சொன்னேன். எத்தனை பேருக்கு எத்தனை அண்டா, எவ்வளவு விறகுன்னு வரிசையா கேட்டார். எல்லாத்துக்கும் பதில் சொன்னேன். திடல்லயே தொண்டை திறந்துட்டதால எல்லாம் அவருக்குக் கேட்டுது.

அப்புறம் எங்க சாமியார் பக்கம் திரும்பி இங்கிலீஷ்ல வேகமா ஏதோ சொன்னார். எனக்கு விளங்கினது ஒரே வார்த்தை, ‘கிச்சன்’. என் இங்கிலீஷ் மேல எனக்கே நம்பிக்கை போயிருந்ததால அதையும் நம்பலை.

பன்னிரண்டு பையன்களுக்கும் நன்றிக் கடுதாசி எழுதினோம். நான் எழுதினேன், சாமியார் திருத்தினார். நிறைய திருத்தினார். ஆனா, உங்கள் மட்டைகள் வந்து சேர்ந்த மூன்றாம் நாளே முந்நூறு பேருக்குச் சோறு போட்டன அப்படின்னு நான் எழுதின வரியை மட்டும் படிச்சுட்டு, பேனாவைத் தூக்கி, அப்படியே விட்டுட்டார்.

ஆடி பொறக்கறதுக்குள்ள திருச்சியிலேருந்து தபால் வந்தது. இடம் கிடைச்சிடுச்சு.

பெட்டியோட போய் இறங்கினேன். யாருக்கு என்ன பொறுப்புன்னு ஹாஸ்டல் சுவத்துல பட்டியல் ஒட்டியிருந்தது. என் பேருக்கு நேரா சமையற்கட்டுன்னு போட்டிருந்தது.

விளையாட்டுச் சாமான் அறைச் சாவியை மட்டும் இன்னைக்கு வரைக்கும் யாரும் என் கையில குடுக்கறதில்லை.